மாடிக்கடைக்கு மரப்படி

இன்று காலை மாடிப்படியில் ஒரு பலகையை மாற்ற ஆசாரியை வரவழைத்தேன். அவர் பலாக்கட்டையை இழைக்க ஆரம்பித்ததும் கடை முழுக்க நீங்கள் படி கட்டின நாளின் மணம். எனக்கு வேலையே ஓடவில்லை. நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. உங்களோடு சண்டை போட இன்னும் ஏதாவது மிச்சம் இருந்துகொண்டேதான் இருக்கிறது.

கொல்லிமலையில் மாடி வைத்த கடையை அதுவரை யாரும் பார்த்ததில்லை. நீங்கள்தான் பிடிவாதமாகக் கட்டினீர்கள். கீழே வைத்தால் ஈரத்தில் துணி பூசணம் பூத்துவிடும், அதனால் துணி மேலே. துணிக்குப் பதிலாக மலைச்சனம் கொண்டுவரும் சாமையும் கேழ்வரகும் கீழே. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் துணிக்கடை வைத்திருந்த என் அண்ணன் மட்டும் சிரித்தார்.

"தை வரைக்கும் பாருங்க மாப்ளை. ஓடலீன்னா எங் கடைக்கே வந்துருங்க."

அவர் கடையில் நீங்கள் கைகட்டி நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உங்களாலும்தான். ஆனால் வாய்விட்டுச் சொல்ல மாட்டீர்கள்.

கடை திறந்தோம். வந்தவர்கள் படியடியிலேயே நின்றுகொண்டு, "துணியக் கீழ எடுத்தாங்க சாமி" என்றார்கள். ஒருவரும் ஏறவில்லை. நீங்கள் ஒவ்வொரு சேலையாகச் சுமந்துகொண்டு இறங்குவீர்கள், பிடிக்கவில்லையென்றால் திரும்ப ஏறுவீர்கள். படியைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று முடிவுகட்டிக் கைப்பிடி வேறு போட்டீர்கள்.

"ஏனுங்க, மொளகு பறிக்க ஒத்தை மூங்கில்ல ஏர்றவங்க உங்க படிக்கா பயப்படுவாங்க?" என்று கேட்டேன். நீங்கள் கைப்பிடிக்கு இன்னொரு ஆணி அடித்தீர்கள்.

மார்கழியில் பாதிப் பேர் மலையிறங்கிப் போய் அண்ணன் கடையிலேயே துணி எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போதுதான் ஒரு மிளகுக்காரர் உங்களை விருந்துக்கு அழைத்தார். இலையில் உட்கார்ந்தபடி அண்ணாந்து பார்த்திருக்கிறீர்கள். தலைக்கு மேலே பரண் முழுக்கத் தானியம். எதற்கு அவ்வளவு உயரத்தில் என்று கேட்டதற்கு அந்த வீட்டுக்காரியம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னாளாம்.

"திங்கறதக் கீழ போட்டு அதும்மேல நடக்கறதுங்களா? உங்க கடையில அதுக்குத்தான் காலு கூசுதுங்க. சொன்னாக் கோவிச்சுக்குவீங்கன்னு இருந்துட்டோம்."

கை கழுவின ஈரம் காய்வதற்குள் ஓடி வந்தீர்கள். "சோத்து மேல கடை கட்டி வெச்சிருக்கிறோம் புள்ள!" என்று விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நான் அழுதுவிடுவேன் போல நின்றேன், நீங்கள் சிரித்தீர்கள்.

மறுநாளே மூட்டைகளை மேலே ஏற்றத் தொடங்கி, மூன்றாவது மூட்டையில் முதுகு பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் உள்ளே வந்தாள். "நவுருங்க சாமி" என்றாள். ஒரு சாமை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, உங்கள் கைப்பிடியைத் தொடாமலே மடமடவென்று ஏறிப்போனாள். பின்னாலேயே மற்றவர்களும். மத்தியானத்துக்குள் கீழே விற்பனைக்கு வைத்திருந்த அரிவாளும் மண்வெட்டியும்தான் மிச்சம். மேலே போனவர்கள் அப்படியே உட்கார்ந்து சேலையைப் பிரிக்கச் சொன்னார்கள். தையில் அண்ணன் வந்து பார்த்தார், சாப்பிட்டார், மலையிறங்கிப் போனார்.

இப்போது யுத்தத்தால் துணி சரியாக வருவதில்லை. மாடியில் பாதி அலமாரி காலி. "ஒத்தையில எதுக்கு அங்க கெடக்குற, கீழ வந்துரு கண்ணு" என்று அண்ணன் சொல்லியனுப்பியிருக்கிறார். பாசத்தில்தான் சொல்கிறார். ராத்திரி விளக்கை அணைத்தால் எனக்கு உங்களைத் தேடுகிறது, போய்விடலாமா என்றுகூட இருந்தது.

போன சந்தையன்று அந்த அம்மாள் புதுச் சாமையோடு வந்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. கொடுக்கத் துணி இல்லை, எப்போது வரும் என்றும் தெரியவில்லை என்றேன்.

"துணி வாரப்ப வரட்டுங்க. நீங்க இருக்கறீங்கல்ல?"

என் பதிலுக்கு நிற்காமல் மூட்டையோடு மாடிக்குப் போய்விட்டாள்.

தவறு தெரிந்ததும் சிரிக்கிற உங்கள் குணம் எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் இந்த மலையைவிட்டுப் போகக்கூடாது என்ற உங்கள் பிடிவாதம் முழுசாக என்னிடம்தான் இருக்கிறது. அண்ணனுக்குப் பதில் சொல்லியனுப்பிவிட்டேன்: நான் இறங்கி வரவில்லை, தங்கையைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் ஏறி வரட்டும்.