மண் பறித்துவிட்டு வந்தவனுக்கு

இன்று காலை குசினியிலிருந்து பலாப்பழ வாசம் வருகிறது. நீ செத்தும் அது நிற்கவில்லை. உன் மனைவி நேற்று சாவகச்சேரியில் பஸ் ஏறி, உரப்பைக்குள் பழத்தைக் கட்டிக்கொண்டு குருநகர்வரை சுமந்துவந்து எங்கள் கேற்றடியில் இறக்கிவைத்தாள். நீ செய்துவந்ததைத் தான் விடக்கூடாதாம். என் மனைவி அவளை உள்ளே கூப்பிட்டு, கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து உனக்காக ஒரு செபமும் சொன்னார்கள். நான் பின்வளவில் ஒரு படகு எஞ்சினைக் கழற்றிப்போட்டுவிட்டு, அதில் இல்லாத பழுதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இப்போது என் மனைவி கத்திக்கும் கைக்கும் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு பழத்தை வெட்டுகிறாள். பின்னேரம் பூசை இருக்கிறது. எங்கள் மகளின் பெயரோடு உன் பெயரையும் சேர்த்து ஒப்புக்கொடுக்கும்படி சுவாமியாரிடம் சொல்லிவைத்திருக்கிறாள். செத்த பிள்ளைக்கும் கொன்றவனுக்கும் ஒரே பூசை. வாயைத் திறந்தால் வேறொன்று வெளியே வந்துவிடும் என்று பயம். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். செத்தவனுக்கு எழுதினால் ஒருவருக்கும் சேதமில்லை.

நீ முதன்முதலாக வந்ததும் இப்படி ஒரு பலாப்பழக் காலத்தில்தான். தண்டனை முடிந்து மறியலிலிருந்து வெளியே வந்த கிழமை. வழக்குக்கு வந்த நாட்களில் உன் நெற்றி நிறையத் திருநீறு இருக்கும். அன்று வெறும் நெற்றி. மறியலுக்குள் செபக்கூட்டக்காரர் வந்து உன்னை மாற்றிவிட்டார்கள் என்று ஏற்கெனவே கதை அடிபட்டிருந்தது. கேற்றுக்கு வெளியே, தோளில் உரப்பையோடு நின்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"அண்ணை, நான் ஆண்டவரோடை சமாதானமாகிட்டன். உங்களோடைதான் இன்னும் ஆகேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் பட்ட நாளிலிருந்து அந்த ஆண்டவரைக் கும்பிட்டு வருகிறவன் நான். பிள்ளையைப் புதைத்த பிறகு அவரோடு நேராக ஒரு வார்த்தை பேச முடியாமல் கிடந்தேன். நீ நேற்றுப் போய் அவரோடு எல்லாம் பேசித் தீர்த்துவிட்டு வந்து நிற்கிறாய்.

"அவரின்ரை பிள்ளையையோ நீ அடிச்சனீ, அவர் மன்னிக்கிறதுக்கு?" என்று கேட்டேன். நீ வாயடைத்துப் போவாய் என்று நினைத்தேன். தலையைக் குனிந்தபடி பதில் சொன்னாய்.

"ஓம் அண்ணை. அவரின்ரை பிள்ளையையும் எங்களைப் போல ஆக்கள்தான் சாக்காட்டினவை. அதுக்குப் பிறகும் அவர்தான் முதல் தேடி வந்தவர். நான் போகேல்லை."

இதைத்தான் சுவாமியார்மாரும் ஆண்டாண்டாகப் பிரசங்கத்தில் சொல்கிறார்கள். மனிதன் ஏறிப்போய்க் கடவுளின் கோபத்தை ஆற்றவில்லை. குற்றத்துக்கு ஆளானவரே இறங்கிவந்து, தன் மகனையே கொடுத்து, பகைத்து நின்றவனோடு சமாதானம் செய்தார் என்று. கோயில் வாங்கில் சாய்ந்திருந்து கேட்கும்போது நல்லாய்த்தான் இருக்கும். பிள்ளையை அடித்தவன் கேற்றடியில் நின்று சொல்லும்போது அது வேறு மாதிரிக் கேட்டது. குற்றத்துக்கு ஆளானவர்தான் இறங்கிவர வேண்டும் என்றால், இங்கே இறங்க வேண்டியவன் நான் அல்லவா? உனக்கு நல்ல வசதியான கடவுள் கிடைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"அவரின்ரை பிள்ளை மூண்டாம் நாள் எழும்பிட்டுது," என்றேன். "என்ரை பிள்ளை சேமக்காலைக் குழியிலை கிடக்குது."

பழத்தை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பினாய். நான் விடவில்லை. நில், என்ன நடந்ததென்று முதலிலிருந்து சொல்லிவிட்டுப் போ என்றேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கேற்றை நான் திறக்கவில்லை.

நீ சொன்னாய். கிழக்கு அரியாலையில் அனுமதியில்லாமல் அள்ளிய மண். சந்தியில் பொலிஸ் நிற்பதாக யாரோ போனில் சொன்னதால் டிப்பர் லொறியைக் கடற்கரை வீதியால் திருப்பி வேகமாக ஓடினாய். விடிந்தும் விடியாத நேரம். முன்னால் ஒரு பிள்ளை, காலை ரியூசனுக்குப் போகிற பிள்ளை, சைக்கிளில். எதிர்காற்று. பிள்ளை சீற்றிலிருந்து எழும்பி நின்று மிதித்தது. பிறகு டிப்பரின் பக்கம் தட்டியது. கண்ணாடியில் பார்த்தாய். விழுந்த இடத்தில் ஆட்டம் அசைவில்லாமல் கிடந்தது. நீ நிற்பாட்டவில்லை. கள்ள மண்ணோடு பிடிபட்டால் அதற்கு வேறு வழக்கு. ஆகவே வீடு கட்டுகிற இடத்துக்குப் போய், பெட்டியை உயர்த்தி மண்ணைக் கொட்டிப் பறித்துவிட்டு, வெறும் டிப்பரோடு பொலிசுக்குப் போனாய்.

அந்த மண்தான் என் தொண்டையில் நின்றது. அடித்தது தவறுதலாக இருக்கலாம். எஞ்சின் வேலைக்காரன் நான், பிரேக் பிடிக்காத கதையெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் மண் பறித்தது தவறுதல் இல்லை. அது யோசித்துச் செய்தது. கடற்றொழிலுக்குப் போய்த் திரும்பியவர்கள் பிள்ளையைத் தூக்கும்போது நீ எங்கோ ஒரு வளவில் மண்ணைச் சரித்துக்கொண்டிருந்தாய்.

அன்றைய பழத்தை ஆட்டுக்குப் போட்டேன். அடுத்த காலத்திலும் வந்தாய், அதற்கடுத்த காலத்திலும் வந்தாய். ஒவ்வொரு தடவையும் வெயிலில் நிறுத்தி, கதையை முதலிலிருந்து சொல்லவைத்தேன். மண் வருகிற இடத்தில் நீ தடுமாறுவாய். விளங்கவில்லை, திருப்பிச் சொல்லு என்பேன். சொல்லுவாய். பிறகு, போ என்பேன். உன் சேர்ட் நனைந்து முதுகோடு ஒட்டியிருப்பதைப் பார்க்க எனக்கு ஆறுதலாக இருந்தது. செத்தவனிடம் அதை மறைத்து என்ன பயன்.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. என் மகள் எழும்பி நின்று சைக்கிள் மிதிப்பாள் என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது. எனக்கு முன்னால் எப்போதும் சீற்றில் ஒழுங்காக இருந்துதான் ஓடுவாள். நீ சொல்லித்தான் அறிந்தேன். நீ அந்த இடத்தைச் சொல்லும்போது, அந்த ஒரு நிமிஷம், அவள் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு உயிரோடு போவாள். அதைச் சொல்ல உலகத்தில் உன்னைத் தவிர வேறு ஆளில்லை. மன்னித்துவிட்டால் நீ பிறகு வரமாட்டாய் என்று நினைத்தேன். அதனால் உன்னை மன்னிக்காமல் வைத்திருந்தேன்.

என் மனைவி அப்படியில்லை. நீ இரண்டாம் தடவை வந்தபோதே குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றவள், பிறகொருநாள் நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நீ வந்தபோது உன்னை உள்ளே கூப்பிட்டு இருத்திவிட்டாள். நீ அழுதாயாம், அவளும் அழுதாளாம், முடிந்தது. பிறகு இரவில் அவள் நித்திரை கொள்ளத் தொடங்கினாள். அவளுக்கு ஒரு ஊன்றுகோல் இருந்தது. பிள்ளை உடனே போய்விட்டது, வேதனை தெரிந்திராது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். எல்லாத் தகப்பன் தாய்க்கும் அப்படித்தான் சொல்வார்களோ என்னவோ. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். "என்ரை பிள்ளை ஒருத்தரையும் கூப்பிடாமல் போட்டுது," என்று சொல்லிச் சொல்லியே அவள் உன்னை மன்னித்தாள், கடவுளையும் மன்னித்தாள்.

பூசையில் பரமண்டல மந்திரம் சொல்லும்போது, பிறரை மன்னிக்கிற வரி வந்ததும் நான் வாயை மூடிக்கொள்வேன். பக்கத்தில் அவள் அந்த வரியை எனக்கும் சேர்த்து உரத்துச் சொல்லுவாள். ஏன் அதில் மட்டும் வாய் மூடுகிறது என்று ஒருநாள் கேட்டாள். எனக்குக் கோயிலில் பொய் சொல்லிப் பழக்கமில்லை என்றேன். அதற்குப் பிறகு வருகிற சமாதான வாழ்த்தில் எல்லோரையும் பார்த்துக் கை கூப்புவேன். அதில் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

போன மாரியில் உன் மனைவி எங்களுக்குப் போன் எடுத்தாள். நீ சாவகச்சேரி ஆஸ்பத்திரியில், இனி இல்லை என்று டொக்டர்மார் கைவிட்ட நிலையில் கிடக்கிறாய், என்னைப் பார்க்கக் கேட்கிறாய் என்றாள். என் மனைவி என்னைத் தள்ளாத குறையாக அனுப்பினாள். நான் மன்னிக்கப் போகவில்லை. கதையைக் கடைசியாக ஒருதரம் கேட்கத்தான் போனேன். கட்டிலடியில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, சொல்லு என்றேன். மூச்சு வாங்க வாங்கச் சொன்னாய். எதிர்காற்று வந்தது, பிள்ளை எழும்பி நின்று மிதித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இனி மண்ணில்தான் தடுமாறுவாய் என்று காத்திருந்தேன். நீ அதற்கு முன்னமே நின்றுவிட்டாய்.

"அண்ணை, இவ்வளவு நாளும் சொன்னது பொய். கண்ணாடியிலை பாத்தனான். பிள்ளை எழும்பி இருந்தது. கையை நிலத்திலை ஊண்டிக்கொண்டு என்ரை டிப்பரைப் பாத்துக்கொண்டிருந்தது."

பக்கத்துக் கட்டில்காரனுக்குச் சோறு கொடுத்துக்கொண்டிருந்த பெண் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். நான் உன் கழுத்தைப் பிடித்திருப்பேன். கை வரவில்லை. ஏன் இப்போது சொல்கிறாய் என்று மட்டும் கேட்டேன்.

"இந்தப் பொய்யை வைச்சுக்கொண்டு அவரிட்டைப் போகேலாது. உங்களிட்டையும் மன்னிப்பைப் பொய் சொல்லி வாங்கக்கூடாது அண்ணை."

நான் எழும்பி வந்துவிட்டேன். நீ அந்தக் கிழமையே போய்விட்டாய். செத்தவீட்டுக்கும் என்னை என் மனைவி கூட்டிக்கொண்டு வந்தாள். பெட்டிக்குள் உன் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கடவுளோடு முழுச் சமாதானத்தோடு போனவர் என்று உங்கள் போதகர் சொன்னார். எனக்கு அதில் சந்தேகமில்லை. கடவுள் உன்னை ஏற்றுக்கொண்டிருப்பார். அவருடைய கணக்கில் நீ, சிலுவையில் அவர் மகனுக்குப் பக்கத்தில் தொங்கி, கடைசி நேரத்தில் உண்மை சொன்ன நல்ல கள்ளன். ஆனால் நீ அவரிடம் வெறுங்கையோடு போவதற்காக, உன்னிடம் இருந்ததை என் தலையில் அல்லவா சரித்துவிட்டுப் போனாய். அன்றைக்கும் பொலிசுக்குப் போகமுன் அதைத்தானே செய்தாய்.

கடவுளின் பிள்ளை எழும்பியது, என் பிள்ளை எழும்பவில்லை என்று உன்னைக் கேற்றடியில் வைத்து வாயடைத்தேனே. என் பிள்ளையும் எழும்பியிருக்கிறது. கண்ட சாட்சி நீ ஒருவன். கண்டுவிட்டு, மண் பறிக்கப் போனாய். இப்போதெல்லாம் அவள் எழும்பி நின்று மிதிப்பது எனக்குத் தெரிவதில்லை. வீதியோரத்தில் கையை ஊன்றிக்கொண்டு, நீ திரும்பி வருவாய் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் தெரிகிறது. ஒருத்தரையும் கூப்பிடவில்லையா, கூப்பிட்டாளா? கண்ணாடியில் சத்தம் கேட்காது.

குசினியிலிருந்து என் மனைவி கூப்பிடுகிறாள். பழம் நல்ல தேனாம், வந்து ஒரு சுளை தின்னட்டாம். எண்ணெய்க் கையோடு வாசலில் வந்து நின்று, இன்றைக்காவது அந்த வரியைத் தன்னோடு சேர்த்துச் சொல்லுவேனா என்று கேட்கிறாள். பாவம், அந்த மனிசன் எங்களுக்கு ஒன்றையும் ஒளிக்கவில்லையே என்கிறாள்.

ஆஸ்பத்திரியில் நீ சொன்னதை அவளுக்கு ஒரு வசனத்தில் சொன்னால் போதும். என் நெஞ்சுப் பாரம் பாதி குறையும். அவளுக்கும் உண்மை தெரிந்துவிடும், என்னைப் போலவே அவளுக்கும் வாய் மூடும், வாங்கில் இரண்டு பேரும் ஒன்றாகப் பேசாமல் இருக்கலாம். உன் கடவுள் உண்மையைத்தான் கேட்பார் என்றால், நான் அவரோடு சமாதானமாக அதுவே வழியாகவும் இருக்கலாம். ஆனால் அவள் இரவில் நித்திரை கொள்கிறாள்.

எழுதி முடிந்ததும் இந்தத் தாளை எஞ்சின் துடைத்த துணிகளோடு சேர்த்துக் கொளுத்திவிடுவேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டு போய் உன் பழத்தில் ஒரு சுளை தின்பேன், அவள் பார்க்கத் தின்பேன். பின்னேரம் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, அந்த வரி வரும்போது, கோயிலில் முதன்முதலாகப் பொய் சொல்லுவேன். நீ என்னில் பறித்துவிட்டுப் போனதை நான் எங்கேயும் பறிக்கமாட்டேன்.