விறகுக்குப் பின்னால் இருந்த அரிசி என்னுடையது

அனுப்புநர்:
கருப்பம்மாள், க/பெ. சங்கிலிமுத்து,
தீப்பெட்டி ஆபீஸ் லைன் வீடு,
சாத்தூர்.

பெறுநர்:
உயர்திரு தாசில்தார் அவர்கள்,
தாலுகா கச்சேரி.

பொருள்: என் வீட்டிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட ஒரு மொடாப் பானை அரிசியை ஏலம் விடாமல் நிறுத்தவும், என் வீட்டுக்காரர் பேரில் வழக்கு இல்லாமல் செய்யவும் கோருவது சம்பந்தமாக.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

மேற்படி விலாசத்தில் குடியிருக்கும் கருப்பம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. மனு எழுதுகிறவருக்குக் கூலி கொடுக்க வழியில்லை. ஐந்தாவது வரை படித்திருப்பதால் நானே எழுதுகிறேன். தீப்பெட்டி மருந்தில் வெந்த கை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. என் வீட்டுக்காரர் தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு மருந்து முக்குகிறவர். கை வெந்த பிறகு எனக்கு விரல் மடங்காது, பெட்டி ஒட்ட இயலாது. மூன்று பிள்ளைகளும் நாங்களும் அவர் ஒருவர் கூலியில்தான் சாப்பிடுகிறோம். ஐப்பசியில் அடைமழை பிடித்தால் குச்சி காயாது, ஆபீஸைப் பூட்டிவிடுவார்கள். பூட்டினால் கூலி இல்லை. போன வருஷ மழைக்கு என் பிள்ளைகள் புளியங்கொட்டையை வறுத்துத் தின்றார்கள். அதை இன்னொரு தரம் பார்க்க என்னால் ஆகாது.

2. ஆகையால் தை மாதம் முதல், உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்து மொடாவில் போட்டு, விறகுக்குப் பின்னால் வைத்து வந்தேன். என் வீட்டுக்காரருக்குச் சொல்லவில்லை. அவர் நல்லவர், ஆனால் இல்லை என்று சொல்ல வாய் வராத மனுஷர். வீட்டில் அரிசி இருப்பது தெரிந்தால், கூட வேலை பார்க்கிறவர்களெல்லாம் நார்ப்பெட்டியோடு வாசலில் நிற்பார்கள். நான் எடுத்த பிடி அவர் பங்கிலோ பிள்ளைகள் பங்கிலோ குறையவில்லை, என் வட்டிலில்தான் குறைந்தது.

3. கடந்த செவ்வாய்க்கிழமை தங்கள் கச்சேரி இன்ஸ்பெக்டர் எங்கள் லைன் வீடுகளைச் சோதனை போட்டார். அடுத்த வீட்டு அரிசி வியாபாரி லட்சுமிகாந்தம் மூட்டைகளைப் பதுக்கியிருந்தார், அகப்பட்டன. அதில் எனக்குக் குறையில்லை; பதுக்குகிறவனைப் பிடிக்கத்தான் வேண்டும். நான் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். எங்கள் வீட்டு விறகைத் தள்ளியதும் மொடா தெரிந்திருக்கிறது. யாருடைய அரிசி என்று இன்ஸ்பெக்டர் கேட்க, என் வீட்டுக்காரர் பயந்து, சத்தியமாக எங்கள் அரிசி இல்லை, இதைப் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டார். அப்படியே எழுதிக் கையெழுத்தும் வாங்கியாயிற்று. பாவி மனுஷர் சொன்னதில் பொய்யும் இல்லை.

4. உன் அரிசி இல்லையென்றால் அது வியாபாரி அரிசி, நீ ஒளித்துக் கொடுத்தவன் என்று முடிவு செய்து மொடாவைத் தூக்கிப் போனார்கள். வருகிற திங்கட்கிழமை ஏலம். அன்றே என் வீட்டுக்காரரும் ஆஜராக வேண்டுமாம். நான் ஓடிப்போய் முறையிட்டதற்கு, புருஷனே எங்கள் அரிசி இல்லை என்கிறான், நீ என்னம்மா உரிமை கொண்டாடுகிறாய் என்றார் இன்ஸ்பெக்டர். அரிசி யாருடையது என்று உலை வைக்கிறவளுக்குத் தெரியாதா ஐயா?

5. மொடாவைத் தாங்களே கவிழ்த்துப் பாருங்கள். புழுங்கல், பச்சை, குறுணை என்று அந்தந்த வாரம் கடையில் கிடைத்ததெல்லாம் கலந்து கிடக்கும். வண்டு விழாமலிருக்க மிளகாய் வத்தலும் வேப்பிலையும் போட்டிருக்கிறேன். விற்கிற அரிசியை எந்த வியாபாரியாவது இப்படிக் கலந்து வைப்பானா?

6. என்னை நம்பாமல் ஒளித்தாயே என்று அவர் அன்றிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது எங்கள் வீட்டு வழக்கு, அதைத் தங்கள் முன் வைக்கவில்லை. ஆனால் கேஸ் உள்ளவனுக்கு வேலை கிடையாது என்று ஆபீஸ் கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார்.

ஆகவே ஐயா அவர்கள் ஏலத்தை நிறுத்தி அரிசியைத் திருப்பித் தர உத்தரவிட வேண்டும். ஒளித்தது குற்றமென்றால் ஒளித்தவள் நான். வழக்கை என் பெயருக்கு மாற்றி எழுதுங்கள். திங்கட்கிழமை நானே வந்து நிற்கிறேன், அவரை வேலைக்குப் போக விடுங்கள். என்னை உள்ளே வைத்தாலும் சரி, அரிசியை மட்டும் என் வீட்டில் சேர்த்துவிட வேண்டும். நான் இல்லாவிட்டாலும் அவர் பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட்டுவிடுவார். அரிசி இல்லாமல் பொங்க அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இடம்: சாத்தூர்
நாள்: 14-10-1965

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
ச. கருப்பம்மாள்