எடைக்கு எடை வெல்லம்

பிப்ரவரி 24, திங்கள்

71.6.

கம்பெனி எடை மிஷினில் பார்த்தது. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் மரத்தடிக்குப் போன பிறகு ஏறினேன். பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டிக் கொடுக்கிற கம்பெனி இது. மருந்து கிடையாது, காகிதமும் பசையும்தான். குழாய் மூட்டைகளை எடை போட்டு நோட்டில் எழுதுவது என் வேலை. தினமும் எண்பது மூட்டையாவது அதில் ஏறி இறங்கும். எண்பத்தோராவதாக நான்.

நேற்று அம்மா சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தப் பங்குனிப் பொங்கலுக்கு என் நேர்த்திக்கடனைச் செலுத்திவிட வேண்டுமாம். இரண்டு வருடத்துக்கு முன்னால், பத்தாம் வகுப்புப் பரீட்சை நேரத்தில், டெங்கு வந்து விருதுநகர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பரீட்சையும் போனது, பள்ளிக்கூடமும் போனது. அப்போது எங்கள் ஊர் மாரியம்மனுக்கு எடைக்கு எடை வெல்லம் போடுவதாக அம்மா நேர்ந்திருக்கிறாள்.

கோயில் வாசலில் பெரிய தராசு கட்டுவார்கள். ஒரு தட்டில் நான். இன்னொரு தட்டில் வெல்லம். சுற்றி ஊர்.

எப்போதும் கைப்பிள்ளைகளைத்தான் உட்கார வைப்பார்கள். போன வருடம் உட்கார்ந்த பிள்ளை ஒன்பது கிலோ. எனக்குப் பதினெட்டு வயது. நாலு பேர் இருக்கும் இடத்தில் பேர் கேட்டாலே சத்தம் வராது எனக்கு.

ஏப்ரல் 8. இன்னும் நாற்பத்து மூன்று நாள். அறுபதுக்கு வந்துவிட வேண்டும்.

பிப்ரவரி 26, புதன்

71.9. இரண்டு நாளாக ராத்திரிச் சோறு இல்லை. ஏறியிருக்கிறது. எப்படி?

பிப்ரவரி 28, வெள்ளி

70.8. இறங்கிவிட்டது! காலை டீயையும் நிறுத்திவிட்டேன்.

மார்ச் 3, திங்கள்

70.1.

குழாய் உருட்டும் மேசையிலிருந்து இசைவாணி அக்கா கூப்பிட்டு இரண்டு வடை கொடுத்தார். வேண்டாம் என்றேன்.

“என்ன புள்ள, வடைய வேணாங்கிற? ஒடம்புக்கு என்ன?”

“வயிறு சரியில்லக்கா.”

“அப்ப குடு, என் வயிறு நல்லாத்தான் இருக்கு” என்று இரண்டையும் அவரே தின்றார். இந்த வாரம் எனக்குத் தெரிந்து நிம்மதியாக இருக்கிற ஒரே ஆள் அவர்தான்.

மார்ச் 6, வியாழன்

72.4.

என்னத்தத் தின்னேன் நான்? நேத்து கருவாட்டுக் குழம்பு, ரெண்டு கை சோறு. ரெண்டு கை சோறு ரெண்டு கிலோவா? பத்து நாள் பட்டினி கிடந்து இறக்கினதெல்லாம் ஒரே நாளில் வந்து உட்கார்ந்துகொண்டது. மிஷின் கெட்டுவிட்டதோ என்று இருபது கிலோ படிக்கல்லைத் தூக்கி வைத்தேன். சரியாக இருபது காட்டியது. மிஷினில் கோளாறு இல்லை.

மாதத் தேதி வேறு நெருங்குகிறது. காலெல்லாம் கனமாக இருக்கிறது.

மார்ச் 8, சனி

எடை பார்க்கவில்லை. தைரியமில்லை.

மார்ச் 11, செவ்வாய்

யாரும் எதிர்பார்க்காத மழை. களத்தில் காய்ந்துகொண்டிருந்த குழாய்களை அள்ளுவதற்குள் பாதி நனைந்துவிட்டது. அவசரத்தில் அதையே மூட்டை கட்டி மிஷினில் ஏற்றினேன். எப்போதும் இருபத்திரண்டு இருக்கும் மூட்டை, இருபத்தாறு. அப்படியே நோட்டில் எழுதினேன்.

மேஸ்திரி சோலைமலை அண்ணாச்சி நோட்டைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். “ஈரக் குழாய எடை போடக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது? தண்ணியவா லோடு ஏத்தி அனுப்பப் போறோம்? அவுத்துக் காயப் போடு.”

எல்லாரும் பார்த்தார்கள். காது சூடாகிவிட்டது. பதினாலு மூட்டையையும் அவிழ்த்தேன்.

எடை 70.9.

மார்ச் 13, வியாழன்

கம்பெனிக்குத் தண்ணீர் வண்டி வரவில்லை. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. நாலு மணிக்கு ஏறிப் பார்த்தேன்.

69.3!

அறுபதுகளுக்குள் வந்துவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

68.7. வழி தெரிந்துவிட்டது. காலையில் ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர், நடுவில் ஒன்றும் கிடையாது. நான் தண்ணீர் குடிக்காததை யாரும் கவனிக்கவில்லை. கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால் இங்கே பாதிப் பேர் குடிப்பதில்லை.

மார்ச் 20, வியாழன்

68.0. சரியாக.

சாயங்காலம் அம்மா கேட்டாள். “வெல்ல மண்டிக்குச் சொல்லணும். எம்புட்டுடி இருக்க?”

“அறுபத்தெட்டு.”

என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். “அம்புட்டுத்தானா?”

“கம்பெனி மிஷின்ல பாத்தேம்மா.”

அம்மா அப்படிக் கேட்டது எனக்கு எவ்வளவு சந்தோஷம்! இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. அதற்குள் இன்னும் இறங்கிவிட்டால் வெல்லம் மிஞ்சும். மிஞ்சினால் நல்லதுதானே.

மார்ச் 23, ஞாயிறு

சாத்தூரிலிருந்து வெல்லம் வந்துவிட்டது. முப்பது கிலோ சிப்பம் இரண்டு, மேலே எட்டு கிலோ. எறும்பு வராமல் இருக்க அம்மா சுற்றி மஞ்சள் தூள் போட்டிருக்கிறாள்.

பக்கத்து வீட்டு பாண்டிலட்சுமி பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, “நேந்த வருசமே செலுத்தியிருந்தா ஒண்ணரைச் சிப்பத்தோட முடிஞ்சிருக்கும். தள்ளித் தள்ளிப் போட்டீக, ஆத்தா வட்டியும் சேத்துல்ல வாங்குறா” என்றது.

அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். இவர்கள் சிரித்து முடிக்கும்வரை வெளியே வரவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

ஒண்ணுக்குப் போக முடியவில்லை. நெருப்பு மாதிரி எரிகிறது. குளிர்க் காய்ச்சல்.

மார்ச் 26, புதன்

ஆரம்ப சுகாதார நிலையம். அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நர்ஸ் கேட்டார். “தண்ணி எம்புட்டுக் குடிப்ப?”

தரையைப் பார்த்தேன்.

“வேலைக்குப் போற பிள்ளைக எல்லாரும் இதே மாதிரி வந்து தரையப் பாத்துக்கிட்டு நிக்கிறீக. ஒரு நாளைக்கு மூணு லிட்டர் குடிக்கணும். குடிக்கலன்னா அடுத்த தடவ ஊசியோட விடமாட்டாக, படுக்க வச்சிருவாக.”

ஐந்து நாளைக்கு மாத்திரை. ஆஸ்பத்திரி என்றதும் அம்மாவின் முகம் இரண்டு வருடத்துக்கு முன்னால் இருந்த மாதிரி ஆகிவிட்டது. கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் 29, சனி

வேலைக்குப் போனேன். மூன்று நாளாகக் கஞ்சிதான். ஏறினேன். 71.1.

இந்தத் தடவை அழவில்லை. பாட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்துவந்து, மிஷினில் நின்றபடியே முழுக்கக் குடித்தேன். 72.1. கக்கூஸுக்குப் போய்விட்டு வந்து ஏறினேன். 71.7.

அவ்வளவுதான் விஷயம். ஒரு மாதமாக நான் இறக்கினதும் ஏற்றினதும் பாதிக்கு மேல் தண்ணீர். கருவாட்டுக் குழம்பு தின்ற அன்றைக்கு உப்பு பிடித்து வைத்திருந்த தண்ணீர். தினமும் குழாயை ஈரமா, காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்து எடை போடுகிற எனக்கு இது தோன்றவே இல்லை. ஒரு மாதப் பட்டினியில் உண்மையாகக் குறைந்தது அரை கிலோ இருக்குமா?

பிறகுதான் நினைவு வந்தது. வீட்டில் இருக்கும் வெல்லம் அறுபத்தெட்டு கிலோ.

தட்டு சமமாக நிற்காவிட்டால் நேர்த்திக்கடன் தீராது. அம்மா அப்படித்தான் நம்புகிறாள். தீராவிட்டால் காய்ச்சல் திரும்பி வரும் என்றும் நம்புகிறாள். இந்த வாரம் காய்ச்சல் வந்தும் விட்டது. ஊர் பார்க்க நான் கீழேயே உட்கார்ந்திருப்பேன், வெல்லத் தட்டு மேலேயே தொங்கும். என்ன சொல்வாள் அம்மா?

ஏப்ரல் 1, செவ்வாய்

ஊரில் காப்புக் கட்டியாகிவிட்டது. எனக்கும் அம்மா மஞ்சள் கயிறு கட்டினாள். மூன்று தடவை சொல்ல வாயெடுத்தேன். மூன்று தடவையும் வேறு எதையோ கேட்டுவைத்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

சொல்லவில்லை.

ஏப்ரல் 5, சனி

வேறு வழி இல்லை. செவ்வாய்க்கிழமைவரை தண்ணீர் குடிக்காமல் இருக்கப் போகிறேன். மூன்றே நாள். அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் குடித்துக்கொள்ளலாம். மாத்திரைதான் முடிந்துவிட்டதே.

சாயங்காலம் 70.2.

ஏப்ரல் 6, ஞாயிறு

அம்மாவிடம் மாட்டிக்கொண்டேன்.

காலையில் என் பக்கத்தில் அவள் வைத்த சொம்பு மத்தியானமும் நிறைந்தே இருந்தது. உதட்டைப் பார்த்தாள். சொம்பைப் பார்த்தாள்.

“என்னடி இது?”

சொன்னேன். மிஷினில் ஏறியது, தண்ணீர் வண்டி வராத நாள், அறுபத்தெட்டு, எல்லாவற்றையும். சொல்லும்போது அழுகை வந்து பாதி விளங்காமல் போனது. அடிப்பாள் என்று நினைத்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். “நான் என்னன்னு நேந்தேன், தெரியுமா ஒனக்கு?”

“எடைக்கு எடை வெல்லம்.”

“அது குடுக்கிறது. கேட்டது என்ன?”

தெரியாது. நான் கேட்டதே இல்லை.

“ஆஸ்பத்திரியில ஒன்னைய மிஷின்ல நிப்பாட்டுனாக. நிக்க மாட்டாம நர்ஸம்மா தோளப் பிடிச்சுக்கிட்ட. முப்பத்தெட்டுன்னு எழுதுனாக. நான் அந்த நம்பரையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஆத்தா, எம்பிள்ளைக்கு எடை ஏறட்டும், எம்புட்டு ஏறுதோ அம்புட்டுக்கும் வெல்லம் போடுறேன்னேன். எடையத்தான்டி கேட்டேன்.” அதோடு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “நான் கேட்டு வாங்கிருக்கேன், இவ ஒளிஞ்சு ஒளிஞ்சு எறக்குறா.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “எல்லாரும் பாப்பாகம்மா” என்றேன்.

“பாக்கட்டும். பாக்கத்தான் தராசு கட்டுறாக.” சொம்பை என் கையில் வைத்தாள். “எறங்கணும்னா எறங்கு, அது ஒம்பாடு. தண்ணியக் குடிச்சுக்கிட்டு எறங்கு.”

முழுச் சொம்பும் காலி. இப்போது இதை எழுதும்போது இரண்டாவது சொம்பு.

ஏப்ரல் 7, திங்கள்

உள்ளூர்க் கடையில் அம்மா இன்னும் ஐந்து கிலோ வாங்கிவந்தாள். நாளைக்கு.

ஏப்ரல் 9, புதன்

நேற்று எழுத நேரமில்லை. இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

மூன்று இரும்புக் குழாயை முக்காலி மாதிரி நிறுத்தித் தராசைக் கட்டியிருந்தார்கள். எனக்கு முன்னால் இரண்டு கைப்பிள்ளைகள். ஒன்று அலறியது, ஒன்று தூங்கியது. பூசாரி என் பேரைச் சொல்லி, “ஆர்த்தி வாம்மா” என்றார். பக்கத்துப் பந்தலில் நீர்மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தொண்டை வறண்டுபோயிருந்தது. வாங்கி ஒரு டம்ளர் குடித்தேன். இருநூறு கிராம் இருக்கும். குடித்துவிட்டு ஏறினேன்.

சம்மணம் போட்டு உட்கார்ந்து சங்கிலியைப் பிடித்துக்கொண்டேன். முதல் சிப்பம் வைத்தார்கள். அசையவில்லை. இரண்டாவது. அசையவில்லை. பிறகு உருண்டை உருண்டையாக வைத்தார்கள். கூட்டத்தில் யாரோ, “இன்னும் வைங்கப்பா” என்றார்கள். ஒரு சிரிப்பு ஓடியது. எனக்கு முதுகு வியர்த்தது.

பாண்டிலட்சுமி பெரியம்மா குரல் கேட்டது. “ஏ அய்யம்மா, வெல்லம் பத்துமாத்தா?”

அம்மா திரும்பியே பார்க்கவில்லை. “பத்தலன்னா ஒன்னையத் தூக்கி வைக்கிறேன், சும்மா இரு அக்கா.”

இந்தத் தடவை சிரிப்பு பெரியம்மாவைப் பார்த்துப் போனது. நானும் சிரித்துவிட்டேன். அப்போதுதான் தலையைத் தூக்கினேன். யாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எல்லார் கண்ணும் எதிர்த் தட்டில் இருந்தது. இன்னும் எத்தனை உருண்டை ஏறும், பொங்கலுக்குப் போக ஆளுக்கு எத்தனை கிடைக்கும் என்று பிள்ளைகள் முன்னால் வந்து நெருக்கிக்கொண்டு நின்றார்கள். எடை கூடக் கூட அவர்களுக்குச் சந்தோஷம்.

தரையிலிருந்து என் தட்டு மெல்லக் கிளம்பியது. ஆட்டம். பிறகு சமம். குலவை போட்டார்கள். அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பியபடி நின்றாள். கண்ணைத் திறந்து முதலில் அம்மனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

மொத்தம் எழுபத்திரண்டு. ஒரு கிலோ மிஞ்சியது.

ஏப்ரல் 14, திங்கள்

விடுமுறை. தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கினேன். எடை வாரத்துக்கு ஒரு நாள் போதும், திங்கள் காலை, வேலை ஆரம்பிக்கும் முன்பு. நடுவில் ஏறக் கூடாது. ராத்திரி இரண்டு தோசை. கம்பெனி வேன் மெயின் ரோட்டு ஊர் விலக்கில் நிற்கும்போதே இறங்கி, வீட்டுக்கு நடந்து வரலாம் என்றிருக்கிறேன். தீபாவளி சீசனுக்குள் நாலு கிலோ குறைந்தால் போதும். குறையாவிட்டால் தைப் பொங்கலுக்குள்.

ஏப்ரல் 21, திங்கள்

மிஷினில் நிற்கும்போது இசைவாணி அக்கா உள்ளே வந்துவிட்டார். இறங்கி ஓடவில்லை.

“ஏ புள்ள, இதுல ஆளும் ஏறலாமா? தள்ளு, நான் பாக்கேன்.”

அவர் பின்னால் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். ஒவ்வொருவராக ஏறினார்கள். நான் படித்துச் சொன்னேன். அக்காவுக்கு அறுபத்து மூன்றரை. போன மாசம் ரேஷன் கடைத் தராசில் அறுபத்தொன்று இருந்தது என்று நெஞ்சில் கை வைத்தார்.

“காலையில என்ன சாப்பிட்டீக?” என்றேன்.

“கூழு. ரெண்டு சொம்பு.”

“அதத்தான் மிஷின் சொல்லுதுக்கா.”

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். “அடியே, இவளுக்கும் பேச வருது! சரி, ஒனக்கு எம்புட்டு?”

“எழுபது புள்ளி ஆறு” என்றேன்.

அண்ணாச்சி வரும் சத்தம் கேட்டது. முதல் மூட்டையைத் தூக்க அக்கா ஒரு பக்கம் பிடித்தார், நான் ஒரு பக்கம் பிடித்தேன்.