தற்காலிகச் சுவர்

அன்புள்ள சுகிர்தாவுக்கு,

உம்முடைய முழங்கால் வலி குறைந்ததா? மாமி சாப்பிடுகிறாவா? எனக்கு அலுப்புத்தான், மற்றபடி சுகம்.

அலுவலகத்தில் பிரான்சின் பழைய தேவாலயம் ஒன்றை வரைகிறேன். குருமார் நிற்கும் பீடப்பகுதியை மட்டும் கட்டி முடித்ததும் போர் வந்துவிட்டது. மீதியைப் பிறகு கட்டலாம் என்று, திறந்த பக்கத்தைத் தற்காலிகச் சுவரால் அடைத்தார்கள். மீதி கட்டப்படவேயில்லை. நேற்று அந்தச் சுவரை, இடிக்கப்போவதுபோலப் புள்ளிக்கோட்டில் வரைந்துவிட்டேன். கூட வேலைசெய்யும் பத்மநாதன் அண்ணை சிரித்தார்.

“தம்பி, அது அறுநூறு வருஷமாய் நிக்குது. முழுக்கோடாய்ப் போடும்.”

நானும் சிரித்தேன்.

வல்லாரைப் பொடி கிடைத்தால் அனுப்பும். நான் ஏறவேண்டிய மனோர் பார்க் பஸ் வருகிறது, இன்னும் ஒரு விஷயம் மட்டும். சமைக்கிற குசினிக்குப் பின்னால், இங்கே வரும்போது ஒரு வருடத்துக்கென்று நான் அடித்துவிட்ட தகரத்தைக் கழற்றும். அந்த இடத்தில் கல்லால் சுவர் கட்டச் சொல்லும்.

நிருஜன்