எனக்கும் இங்கிலீஷ் புரிஞ்சுபோச்சு

என் வாயாடி மகளுக்கு அம்மா எழுதுறது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கோம், நீ எப்படி இருக்கேன்னு ஒப்புக்குக் கேக்கலைடி, இந்தத் தடவை நிஜமாவே கேக்கிறேன்.

எங்க சலவைக் கடையில முதலாளியம்மா இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சரம்மாவை வச்சிருக்காங்கன்னு போன்ல சொன்னேன்ல, கூட்டமில்லாத நேரத்துல அவங்க பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போவாங்க, நாங்க துணி தேய்ச்சுக்கிட்டே காதைக் கொடுப்போம். நேத்து ‘புட்’ எடுத்தாங்க. என்ன பாஷையோ போ, தலை ஒண்ணுதான், வால் மாறினா ஆளே மாறிப்போகுது. புட் ஆன்னா உடுத்திக்கிறது, புட் அவேன்னா எடுத்து உள்ள வைக்கிறது, புட் ஆஃப்னா தள்ளிப்போடுறது. எங்க வீட்டுக்காரர் குழாய் ரிப்பேரை புட் ஆஃப் பண்றார்னு சொல்லி எல்லாரையும் சிரிக்க வச்சேன். அப்புறம் டீச்சரம்மா, புட் அப் வித்னா பிடிக்காததைப் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கிறதுன்னாங்க. ஐயோ, அதைக் கேட்டதும் அப்படியே நின்னுட்டேன். யாரோட வெள்ளைச் சட்டையோ, இஸ்திரிப் பெட்டி அதுமேலயே நின்னு முதுகு கருகிப்போச்சு.

போன தடவை நீ வெளிநாட்டுலேர்ந்து வந்திருந்தப்போ துணி மடிச்சுக்கிட்டே சிநேகிதிகூட போன்ல பேசினியே, ஐ கான்ட் புட் அப் வித் ஹிம்னு திரும்பத் திரும்பச் சொன்னே. நடுவுல மாப்பிள்ளை பேர் வந்துச்சு, பாசமா ஏதோ சொல்றேன்னு நினைச்சேன். என்னடி அது புட்டப்பு புட்டப்புன்னு உன்னை மாதிரியே சொல்லிக் காட்டிக் கேலி பண்ணினேன். நீ கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சே. என்னன்னு கேட்டா ஆபீஸ் விஷயம்மான்னே. அடிப்பாவி! அம்மாகிட்டன்னு ஆரம்பிச்சு புட்டிங் இட் ஆஃப்னு வேற முடிச்சியே, நீ எங்கிட்ட சொல்றதைத்தான் தள்ளிப்போட்டிருக்கேன்னு இப்பத்தான் எனக்கு உறைக்குது. சின்ன வயசுலேர்ந்தே எனக்குத் தெரியக் கூடாததை நீ இங்கிலீஷ்லதானே பேசுவே.

மாப்பிள்ளை கை நீட்டுறாரா, பேச்சாலயே கொல்றாரா, எதுவானாலும் சொல்லு. யார் என்ன நினைப்பாங்களோன்னு பார்க்காதே. அப்பாகிட்ட சொன்னேன். மனுஷன் எந்திரிச்சுப் போய் உன் ரூம்ல அடைஞ்சு கிடந்த சாமானையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுட்டுக் கட்டிலைத் தட்டி விரிச்சு வச்சிருக்கார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, பாஸ்போர்ட்டை உன் கையிலயே வச்சுக்கோ. நீ நல்லா இருப்பே, எங்க ரெண்டு பேர் ஆசீர்வாதமும் உனக்கு எப்பவும் உண்டு. வர்றதை மட்டும் புட் ஆஃப் பண்ணாதே.

இப்படிக்கு,
இங்கிலீஷ் தெரிஞ்ச உன் அம்மா