பெரிய ஃபியூஸைக் கழற்றிவிடு

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இறைவன் கருணையால் இங்கே வேனைத் தவிர எல்லோரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். நேற்று ஃபோனில் உன் காரின் ஃபியூஸைக் கழற்றச் சொன்னால் சிரிக்கிறாய், நீதானேம்மா போன மாசம் பெரிசா ஒண்ணு போடச் சொன்னே என்கிறாய். சொன்னது நான்தான், அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் வேனிலும் முன்விளக்கு ஃபியூஸ் போடப் போட எரிந்தது. மிச்சம் பிடிக்கிற புத்தியில், பத்து ஆம்பியர் இருந்த இடத்தில் முப்பதைச் செருகிவிட்டு, எரியவில்லை என்றதும் இறைவனுக்கு நன்றியும் சொன்னேன். ஃபியூஸ் எரியாவிட்டால் ஒயர் எரியும் என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமை அப்பா சரக்கு ஏற்றிப் போகையில் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை. பேட்டரி ஒயரைப் பிடுங்கியதால் தப்பித்தார், கையெல்லாம் கொப்புளம். அதே சூட்டோடு, போன வாரம் ஹார்ன் மாட்டித் தந்த ஒயரிங் கடைத் தம்பியிடம் போய், ஆட்கள் முன்னாலேயே, நீயெல்லாம் தொழில் பண்றியா, என்னைக் கொல்லப் பாத்தியேடா என்று கத்திவிட்டு வந்திருக்கிறார். என்னிடம் வந்து, உன் கை பட்டது ஒண்ணாவது கெட்டிருக்கா, அவன் தொட்டான், கெட்டுது என்றார். நான் அவர் கைக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தேன். அன்று பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் ஒரு வார்த்தை வரவில்லை, கண்ணு.

மறுநாள் கடைக்குப் போய், எல்லோரும் நிற்கும்போதே, செருகினது நான்தான், தம்பி மேல தப்பில்ல என்று சொல்லிவிட்டேன். அண்ணன் பேர்ல இன்ஷூரன்ஸ் போட்டுட்டுத்தான் செருகினீங்களா அக்கா என்று ஒருவர் கேட்க, கடையே சிரித்தது. தம்பி சிரிக்கவில்லை. வேனைக் கொண்டாங்க, அண்ணனும் வரட்டும் என்றார்.

டாஷ்போர்டுக்கு அடியில் எரிந்த ஒயரை மாற்றிய பிறகு தம்பி எங்கள் வேனில் செய்த மாதிரியே நீயும் செய். முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்று. முன்விளக்குக்குப் போகும் ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போ, தகரத்தில் உரசி எங்காவது தோல் போயிருக்கும், எங்களுக்கு விளக்குக்குப் பின்னால் இருந்தது. அங்கே வெட்டி, சூட்டில் சுருங்கும் குழாயை முதலில் ஒயரில் கோத்துக்கொள், ஒட்டிய பிறகு நுழையாது. வெட்டிய இரண்டு நுனியையும் முறுக்கி ஈயம் வைத்து ஒட்டி, குழாயை இழுத்துவிட்டுச் சூடு காட்டு, மறுபடி தகரத்தில் படாமல் கட்டு. கரண்ட் பார்க்கவென்று சோதனை விளக்கு வாங்காதே, பழைய இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர் வைத்தால் போதும். கடைசியில் பத்து ஃபியூஸ்தான். அதுவும் எரிந்தால் இன்னும் தேடு, பெரிதாக்காதே.

அப்பா என்னிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை. தம்பியிடம் மட்டும், இவ கைய நம்பித்தான்டா உன்னத் திட்டினேன் என்றாராம். நீயும் இந்தக் கையை நம்பித்தானே போட்டாய். இறைவன் உங்கள் இருவரையும் வழியெல்லாம் காக்கட்டும். கழற்றிய ஃபியூஸை ஒரு கவரில் போட்டு எனக்கு அனுப்பு, கையில் வாங்கிப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம்.

இப்படிக்கு,
உன்னைச் சிரிக்க வைத்த அம்மா