மடியில் உட்காரும்போது வைக்கும் பூ

நவம்பர் 12, 2024

ஓர் ஆசிரியர் தினத்தன்று ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி எனக்குப் பிளாஸ்டிக் ரோஜாவைக் கொடுத்துவிட்டு, "டீச்சர், இது பூவா, பூ மாதிரியா?" என்று கேட்டாள். "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். பதில் தெரியாத ஆசிரியர்கள் எல்லாரும் சொல்லும் வாக்கியம் அது. அந்தப் பெண்ணுக்கு இப்போது நாற்பது வயதாவது இருக்கும். நாளை இன்னும் வரவில்லை.

இன்று அது நினைவுக்கு வரக் காரணம் எங்கள் பூஜை அறை. இவருக்கு மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆகிறது. ஒரு வருடம் வரை வீட்டுக்குள் நிஜப் பூ கூடாது, தொட்டிச் செடியும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஈரப் பூவில் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை இருக்குமாம். நம்மை அது ஒன்றும் செய்யாது. இவர் உடம்பு இன்னும் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த குழந்தை மாதிரி. யார் தள்ளினாலும் விழுந்துவிடும்.

சுவாமிக்குப் பூவுக்குப் பதில் அட்சதை போடுகிறேன். பூ இல்லாத இடத்தில் அட்சதை என்று வழக்கத்திலேயே இடம் இருக்கிறது. படங்கள்தாம் மொட்டையாகத் தெரிந்தன. பரணில் கிடந்த பிளாஸ்டிக் மாலையை எடுத்து மாட்டி, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஊசி போட வீட்டுக்கு வரும் மலையாள நர்ஸ் ஷிஜா அதைத் தொட்டுவிட்டு விரலைக் காட்டினாள். கறுப்பு. "டீச்சரே, இதுக்கு நிஜ முல்லையே பேதம் கேட்டோ. இத்தனை பொடி!" இதற்கு நிஜப் பூவே மேல், அவ்வளவு தூசி என்கிறாள்.

வாடாது என்பதால் சுத்தமாகவும் இருக்கும் என்று எப்படி நினைத்தேன்? கழற்றியாயிற்று.

நவம்பர் 19

என்னோடு வேலை பார்த்த ரெம்யா டீச்சர் இவரைப் பார்க்க ஒரு கூடை நிறைய ரோஜாவும் லில்லியுமாக வந்தாள். கேட்டிலேயே நிறுத்தினேன். எப்படிச் சொல்வது! அவள் முகம் போன போக்கு. "அய்யோ, ஞான் அறிஞ்ஞில்லல்லோ" என்று, தனக்குத் தெரியாமல் போனதை நாலு தரம் சொன்னாள். கூடையை மதில்மேல் வைத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்து பேசினோம். இவர் ஜன்னலுக்கு உள்ளிருந்து, "ரெம்யா, பூ நன்னா இருக்கு. இங்கேர்ந்தே தெரியறது" என்றார். அப்புறம்தான் அவள் சிரித்தாள்.

டிசம்பர் 2

எங்கள் மகள் ஜானவியின் கல்யாணம் பிப்ரவரி ஆறாம் தேதி. போன வருடமே நடந்திருக்க வேண்டியது. இவர் உடம்பால் தள்ளிப்போனது. மாப்பிள்ளை சுமந்த், "எத்தனை நாள் ஆனாலும் சரி, அங்கிள் இருக்கணும்" என்று காத்திருந்தான்.

இருப்பது வேறு, மணையில் உட்காருவது வேறு. எங்கள் கல்யாணங்களில் தாலி ஏறும்போது பெண் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருப்பாள். ஜானவி பிறந்த நாளிலிருந்து இவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் கல்யாணப் பெண்ணின் தலையில் எவ்வளவு பூ! கழுத்தில் எவ்வளவு! அத்தனையும் இவர் மூக்குக்கு நேரே.

டாக்டரிடம் கேட்டோம். யோசித்துவிட்டுச் சொன்னார்: மாஸ்க் போட்டுக்கொண்டு சில நிமிடம் உட்காரலாம், ஹோமப் புகை அவர் பக்கம் வரக்கூடாது, கூட்டம் நெருங்கக்கூடாது, பக்கத்தில் நிஜப் பூ இருக்கக்கூடாது.

வெளியே வந்ததும் ஜானவி சொன்னாள்: "அப்போ எல்லாமே துணிப்பூ. மாலை, ஜடை, மண்டபம், எல்லாம். முடிஞ்சுது."

முடிந்துவிடுமா?

டிசம்பர் 9

பழவங்காடியில் பூ விற்கும் தாணுமாலையனிடம்தான் முதலில் போனேன். இத்தனை வருடம் பூ வாங்கியவள் சொல்லாமல் வேறு கடைக்குப் போவது சரியில்லை. விஷயத்தைச் சொன்னதும், "டீச்சரம்மா, டீக்கடையில வந்து கள்ளு கேக்கியளே" என்றார். பிறகு அவரே சாலைக் கடைத்தெருவில் ஒரு கடையைச் சொன்னார். "பாத்து வாங்குங்க. பேப்பர் பூவு வேண்டாம், ஒரு துளி வேர்வை பட்டா ஒழுகிரும்."

பலவிதமாக வாங்கி வந்து ஒவ்வொன்றையும் சோப்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். ஒன்று கஞ்சியாகக் கரைந்தது. ஒன்று வாளியையே ரோஜா நிறமாக்கியது. வெள்ளைத் துணி மல்லி மட்டும் போட்டபடியே வெளியே வந்தது. ஜடைக்கு அதுதான்.

டிசம்பர் 15

சம்பந்தி ராஜஸ்ரீ மாமி போன் செய்தார். யார் சொன்னார்களோ.

"துணிப்பூவை வெச்சுண்டு என் மாட்டுப்பொண்ணு மணையில உட்காரறதா? இது என்ன, நவராத்திரி பொம்மைக் கல்யாணமா மாமி? எங்க மனுஷா முன்னாடி நான் எப்படித் தலை நிமிர்ந்து நிக்கறது?"

பூகோள உருண்டை பூமி இல்லை; ஆனாலும் அதைச் சுழற்றித்தானே குழந்தைகளுக்கு இரவு பகலைப் புரியவைத்தோம் என்று ஆரம்பித்தேன். "எனக்குப் பாடம் எடுக்காதேங்கோ" என்று வைத்துவிட்டார்.

அவர் சொன்னதிலும் தப்பில்லை. நானும் ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு எதிரே இருப்பவரை மறந்துவிடுகிறவள்தான்.

டிசம்பர் 16

இவருக்கு எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. காலையில் காப்பி குடித்தபடியே, "என் தம்பி உட்காரட்டுமே சாவித்ரி. சித்தப்பாவும் அப்பா ஸ்தானம்தான். நிஜப் பூவோடயே நடக்கட்டும். நான் மாடி ரூம்லேர்ந்து பாத்துக்கறேன்" என்றார்.

சமையலறைக்குப் போய்விட்டேன். இதுக்கா அத்தனை ஊசி, அத்தனை வாந்தி? மாடியிலேர்ந்து வேடிக்கை பாக்கவா பிழைச்சு வந்தார்? பெரிய மனசாம். யாருக்கு வேணும் இந்தப் பெரிய மனசு? — கோபம் யார்மேல் என்றுகூடத் தெரியவில்லை.

டிசம்பர் 17

ஜானவி அப்பாவிடம் சொன்னது: "நீ உட்காரலேன்னா நானும் உட்காரலை. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன்." இவர், "சரிடி, உட்காரறேன்" என்றார். ஆனால் குரலில் தெம்பில்லை.

ஜனவரி 5, 2025

வேறொரு சிக்கல். இவர் கால்கள் குச்சியாகிவிட்டன. ஜானவி என்ன பஞ்சுப் பொதியா?

ஏணியில் ஏறுகிறவன் முதல் படியில்தானே கால் வைக்க வேண்டும். இன்று மணைப் பலகையைப் போட்டு, இவரைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, மடியில் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்தேன். "பொண்ணு ரொம்ப அமைதியா இருக்காளே" என்றார். வெகுநாள் கழித்து வந்த கிண்டல்.

ஜனவரி 9

பத்துக் கிலோ.

ஜனவரி 18

இன்று நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

ராஜஸ்ரீ மாமி பத்திரிகை கொடுக்கிற வழியில் சொல்லாமல் வந்துவிட்டார். கதவு திறந்திருந்தது. கூடத்தில் இவர் மணையில் உட்கார்ந்திருக்கிறார்; மடியில் இருபது கிலோ அரிசி மூட்டை; நான் பக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறேன். மூட்டை சாயாமல் இருக்க என் பழைய புடவையால் சுற்றிக் கட்டியிருந்தேன்.

மாமி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "என்ன மாமா இது?"

இவர் மூச்சு வாங்கியபடி, "உங்க மாட்டுப்பொண்ணுதான். பட்டுப்புடவைதான் பாக்கி" என்றார்.

மாமி சிரிக்கவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அந்த மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. "தினமுமா?" என்று கேட்டார். "தினமும்" என்றேன். பாடம் எதுவும் எடுக்கவில்லை.

பிறகு அவராகவே கேட்டார்: "மாலை மாத்தறது, ஊஞ்சல் எல்லாம் வாசல்ல தானே மாமி?"

"ஆமாம்."

"அப்போ அங்கே மாமா வர வேண்டாம். நிஜ மாலையே இருக்கட்டும். என் மனுஷா ஆசை தீரப் பாக்கட்டும். அதுக்கப்புறம் எப்படியும் கூரைப்புடவை மாத்திக்க உள்ளே போவாளே? அப்போ தலைப்பூவையும் மாத்திடலாம். மடியில உட்காரறச்சே உங்க துணிப்பூ. தாலி ஏறி, மாமா உள்ளே போனப்புறம் எங்காத்து மல்லி. என்ன?"

இத்தனை நாள் நாங்கள் எல்லாம் நிஜம், அல்லது எல்லாம் துணி என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். கூரை மாற்றும் நேரம் ஒன்று நடுவில் இருப்பது முப்பது கல்யாணம் பார்த்த எனக்குத் தோன்றவில்லை.

"பொம்மைக் கல்யாணம்னு சொன்னது தப்பு" என்று மாமி போகும்போது சொன்னார், என்னிடம் இல்லை, இவரிடம்.

பிப்ரவரி 7

நேற்று கல்யாணம்.

கரமனையில் சின்ன மண்டபம். வாசலில் மாமாக்கள் தோளில் ஏறிக்கொண்டு ஜானவியும் சுமந்தும் மாலை மாற்றினார்கள். தாணுமாலையன் கட்டிய மாலை, தெருவே மணந்தது. இவர் மாடிக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு அறையில் கூரைப்புடவை. ஜானவி தலையிலிருந்து மல்லி, தாழம்பூ, கழுத்து மாலை எல்லாவற்றையும் எடுத்துப் பையில் கட்டி, சுமந்தின் மாலையோடு வெளியே அனுப்பினோம். அவள் முகமும் கழுத்தும் துடைத்துக்கொண்டாள். துணி மல்லியை நானே வைத்தேன். மாஸ்க்கோடு இவரைக் கூட்டிவந்து மணையில் உட்காரவைத்தாயிற்று. ஹோமப் புகையைத் திருப்ப ஒரு மின்விசிறி. நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்குத் தயாராக எங்களையே பார்க்கிறார்.

ஜானவி என்னைத் தாண்டிப் போகும்போது மல்லி வாசனை வந்தது.

துணி மணக்காது. "நில்லுடி!" என்று அவள் தோளைப் பிடித்து நிறுத்தினேன். பின்னலைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒரு கண்ணி நிஜ மல்லி. என் நாத்தனார் மெதுவாக, "நாலு விரக்கடைதான் மன்னி. ஒரு கண்ணி பூ கூட இல்லாம தாலி கட்டிக்கறதா? குழந்தைக்கு ஆகாதே" என்றாள். அவளும் அண்ணன்மேல் உயிரை வைத்திருப்பவள்தான்.

எனக்கு முன்னால் ராஜஸ்ரீ மாமியின் கை வந்தது. ஊசியோடு பூவை உருவி, தன் கொண்டையில் சொருகிக்கொண்டார். "இன்னிக்குப் பிள்ளைக்கு அம்மா நான். இந்தப் பூ எனக்கு." பிறகு, அவர் மனுஷர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஜானவியின் தலையை இரண்டு கையாலும் பிடித்து முகர்ந்து பார்த்தார். மேலே, பக்கத்தில், பின்னலுக்கு அடியில். "ம்... ஒண்ணும் இல்லை. போ, அப்பா மடியில உட்காரு."

ஜானவி பாதி எடையைத் தன் காலிலேயே தாங்கிக்கொண்டு, பட்டும் படாமலும் உட்கார்ந்தாள். மாஸ்க்குக்குள்ளிருந்து இவர் குரல்: "முழுசா உட்காருடி."

உட்கார்ந்தாள்.

பிப்ரவரி 8

ஜுரம் இல்லை.

பிப்ரவரி 21

ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது. டாக்டர், "கல்யாணம் மருந்து மாதிரி வேலை செஞ்சிருக்கு" என்றார். அது மருத்துவம் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

ஏப்ரல் 27

நேற்று ஷிஜா, அந்தத் துணி மல்லி இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். போனக்காடு தேயிலைத் தோட்டத்துக் கோமதியம்மாளின் கணவருக்கும் இதே சிகிச்சை நடந்திருக்கிறதாம். வைகாசியில் மகள் கல்யாணம். அவர்கள் வழக்கத்தில் மடி கிடையாது. பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுக்க அப்பா பக்கத்தில் நிற்க வேண்டும்.

கொடுப்பதற்கு முன் இன்று காலை துவைத்து மாடியில் வைத்தேன். நான் இறங்கி வந்து காப்பி கலந்துகொண்டு திரும்புவதற்குள் இவர் மொட்டை மாடி ஏறியிருந்தார். ஒரு படியிலும் நிற்கவில்லையாம். டாக்டர் சம்மதத்தோடு மாஸ்க் இல்லாமல் காற்றில் நின்றபடி ஒவ்வொரு சரமாக நிழலில் இருந்த கொடியில் கிளிப் போட்டுக்கொண்டிருந்தார், ஏதோ முணுமுணுத்துப் பாடியபடி. "கோமதியம்மாளுக்கு எப்படித் துவைக்கறதுன்னு எழுதிக் குடுத்துடு" என்றார். எழுதினேன். வீட்டில் துணிப்பூ வைத்திருக்கும் யாரும் செய்து பார்க்கலாம்:

சோப்புத் தண்ணீரில் சற்று நேரம் ஊறவைத்து, கசக்காமல் இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசி, தலைகீழாக நிழலில் தொங்கவிடுங்கள்.